தொழில்நுட்பமும் சமூகமும் என்று ஆராய்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

மேலப்பாளையத்தான்:
தங்கச்சி பாளையங்கோட்டையில் பிஎஸ்சி கடைசி வருஷம். தொழில்நுட்பமும் சமூகமும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று ஆராயப் போகிறாளாம். "மிஷின்னா இன்ஜினியரிங் படி, மனுஷன்னா சமூகவியல் படி, இது என்ன ரெண்டுங்கெட்டான்?" என்கிறார் அப்பா. அவளுக்காகப் பேச ஆசைதான், ஆனால் விஷயம் தெரியாமல் என்ன பேச?

அம்பைக்காரி:
தம்பி, உங்கள் வீட்டுக் கிரைண்டரில் தொடங்குங்கள். எங்கள் ஆச்சி காலத்தில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். ஆட்டுக்கல் போய்க் கிரைண்டர் வந்ததும் கைவலி போனது உண்மை, ஆனால் தினமும் இட்லி தோசை என்றாகிவிட்டது, முன்பு ஆட்டும்போது மாமா கொஞ்சம் கை மாற்றிவிடுவார், சுவிட்ச் வந்த பிறகு அத்தனையும் அம்மா வேலை. அமெரிக்க வீடுகளில் இப்படி நடந்ததை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாளர் 1983இல் புத்தகமாகவே எழுதினார். புது அடுப்பு வந்ததும் ஆண்களுக்கு விறகு வெட்டும் வேலை போயிற்று. பெண்களுக்கோ துவைக்கும் மிஷின் வந்தும் நேரம் மிச்சமாகவில்லை, ஏனென்றால் துணி அடிக்கடி துவைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே ஏறிவிட்டது.

ராதாபுரம் ஆள்:
அக்கா சொன்னது வீட்டுக்குள். நான் வெளியே ஒன்று சொல்கிறேன். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்கச் சீசியம் மழையோடு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளிலும் இறங்கியது. ஆடுகளை விற்கத் தடை போட்டார்கள், மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். சில பண்ணைகளில் அந்தத் தடை 2012 வரை நீடித்தது! களிமண்ணில் சீசியம் ஒட்டிக்கொள்ளும், புல்லுக்கு ஏறாது. அந்தக் கணக்கைத்தான் விஞ்ஞானிகள் மலைக்கும் போட்டார்கள். அங்கே இருந்ததோ செடிகொடி மட்கிச் சேர்ந்த, அமிலத்தன்மையுள்ள மண், அதில் சீசியம் ஒட்டாமல் புல்லுக்குப் போய், ஆட்டுக்குப் போய், திரும்பவும் மண்ணுக்கு வந்தது. அந்த மலையையும் மந்தையையும் தலைமுறையாகத் தெரிந்த ஆட்டுக்காரர்களிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை. பிரையன் வின் என்ற சமூகவியல் ஆய்வாளர் அவர்களிடம் உட்கார்ந்து பேசி இதையெல்லாம் எழுதினார். கூடங்குளத்துக்கு எதிராக 2011இல் இடிந்தகரையில் மீனவ மக்கள் பந்தலில் உட்கார்ந்தபோது, இவர்களுக்கு அணுவைப் பற்றி என்ன தெரியும் என்று என் காதுபடவே கேட்டார்கள். உலை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம், அண்ணாச்சி. கடலைத் தெரிந்தவர்களின் அறிவு எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்க ஆள் வேண்டும். உங்கள் தங்கச்சி படிக்கட்டும்.

தென்காசி சாரல்:
டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யூ) அறிவியல் கொள்கை ஆய்வு மையம் இருக்கிறது, முனைவர் பட்டம் வரை போகலாம். பிஎஸ்சி படித்தது வீணாகாது, மிஷின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு இந்தத் துறையில் பெரிய பலம்.

மேலப்பாளையத்தான்:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்கு வேலை பற்றிய கவலை அப்படியே இருக்கிறது, ஆனால் ஆட்டுக்காரர்கள் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். சாரல், முதலில் எம்ஏ சமூகவியலா, எம்எஸ்சியா, எது படித்தால் அங்கே போக வசதி?