புதுப்பிப்பு: உருவகப் பருவம் முடிந்தபின் வீரர்களின் ஆட்டம்
கணினியில் உருவகப்படுத்தி நடத்திவரும் ஆடவர் டென்னிஸ் பருவத்தின் இடைக்கால மதிப்பீட்டை முன்பு இங்கே எழுதியிருந்தேன்; அதில் ஒரு களிமண் தள வீரர், ஓர் இளம் இடக்கை வீரர், ஒரு மூத்த இரட்டையர் இணை ஆகியோரின் ஆட்டத்தை எடைபோட்டிருந்தேன். பருவம் இப்போது நிறைவடைந்துவிட்டது. பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தின் 2000 புள்ளிகளால் உச்சிக்குச் சென்ற களிமண் தள வீரர், பந்து தாழ்வாகவே எழும்பும் விம்பிள்டன் புல்தரையில் பந்தை முன்னோக்கிச் சுழற்றி உயர எழும்பச் செய்யும் தம் மேற்சுழல் அடிகளின் வலுவை இழந்து, இரண்டாம் சுற்றிலேயே வெளியேறினார். தரவரிசை கடந்த 52 வாரங்களின் புள்ளிகளைக் கொண்டு அமைவதால் அவர் இன்னும் முன்வரிசையில் இருக்கிறார் என்றாலும், அடுத்த பிரெஞ்சு ஓப்பனில் அந்தப் புள்ளிகளைத் தக்கவைக்காவிட்டால் சரிவு கடுமையாக இருக்கும்.

என்னை உண்மையாகவே மகிழ்வித்தவர் இளம் இடக்கை வீரர்தான். பட்டம் ஏதும் வெல்லாதபோதும், முதல் சர்வ் தவறியபின் அடிக்கும் இரண்டாம் சர்வில் அவர் காட்டிய துணிவு, சமநிலையில் நிற்கும் செட்டை முடிவுசெய்யும் நெருக்கடியான டைபிரேக்கர்களை அவர் பக்கம் திருப்பியது. மூத்த இரட்டையர் இணையின் ஆட்டத்தில் மாற்றம் ஏதும் இல்லை.