நான் ஊருக்குப் போன நேரம் வீட்டுக்காரர் என் அறையைத் திறக்கலாமா?

பொகவந்தலாவைப் பொண்ணு:
ஹட்டனில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து எட்டு மாதம். சனிக்கிழமை பஸ் ஏறித் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போனால் திங்கள்தான் வருவேன். போன திங்கள் வந்து பார்த்தால், உள்ளே கொடியில் காயப் போட்டிருந்த துணியெல்லாம் மடித்துக் கட்டில்மேல் இருந்தது. உள்ளாடை கூட. கேட்டதற்கு, "சுவரில் ஈரம் ஏறுதே புள்ள, அதுதான் திறந்தேன்" என்றார் வீட்டுக்கார ஐயா. கெட்டவர் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேரோடு வளர்ந்தவள் நான். எனக்கென்று ஒரு சாவி கிடைத்ததே இங்கேதான். இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, மாதாமாதம் காசு கொடுக்கிறேன். எனக்கு உரிமை ஏதும் உண்டா?

பதுளை எழுதுவினைஞர்:
உண்டு தங்கச்சி. மாத வாடகைக்கு நொத்தாரிசு எழுதும் உறுதிப் பத்திரம் தேவையில்லை, வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான். நம் இலங்கையில் வாடகைக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். வாடகைக்கு விட்டவர், குடியிருப்பவரை நிம்மதியாக இருக்க விட வேண்டும் என்பது அதில் முக்கியமான கடமை. ஆனால் இதற்காகப் பொலிஸுக்குப் போகாதீர்கள். தண்டனைச் சட்டக்கோவை 427ஆம் பிரிவுப்படி, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ எண்ணி நுழைந்தால்தான் அத்துமீறல். துணி மடித்ததை வைத்து அதைக் காட்டுவது கஷ்டம். பேசிச் சரிவராவிட்டால், வழக்குக்குப் போகாமல் சமரசம் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. வாடகைக்குப் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அவர் பூட்டை மாற்றி வெளியே நிறுத்தினால், இரண்டு மாதத்துக்குள் 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டிவரும். அப்போது அந்தச் சீட்டுதான் பேசும்.

பண்டாரவளை வீட்டுக்காரன்:
நானும் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருக்கிறேன். பைப் வெடித்தால் திறப்பேன், திறக்கும்போதே போன் எடுத்துச் சொல்வேன். ஈரத்துணி அப்படி அவசரமா? மாற்றுச் சாவியை ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்து வைத்துக் கொடுங்கள் மகள். தீ, தண்ணீர் என்றால் கிழிக்கட்டும்.

பொகவந்தலாவைப் பொண்ணு:
நேற்றுப் பேசினேன். ஐயாவுக்கு முகம் வாடிவிட்டது. "என் மக மாதிரி நினைச்சுத்தானே" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவிதான், "மக ரூமையும் தட்டிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுப் பசை எடுத்துவந்தார். சாவி இப்போது உறைக்குள், அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.