கண்குழி அழற்சிக் கட்டி: பயாப்ஸி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அக்காவுக்கு வயது 46. இடது கண் முன்தள்ளி, மேல் இமை வீங்கி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. தைராய்டு நார்மல். எம்ஆர்ஐயில் கண்ணீர்ச் சுரப்பியை ஒட்டி ஒரு கட்டி. அழற்சியாகத்தான் இருக்கும் என்றார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 60 மி.கி. தொடங்கியதும் வீக்கம் மளமளவென்று வடிந்தது. 20 மி.கி.க்கு இறக்கியதும் மறுபடி வீக்கம். சர்க்கரை வேறு ஏறிவிட்டது.

இப்போது பார்க்கும் டாக்டர் பயாப்ஸி, அதாவது கட்டியில் கொஞ்சம் திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்கூட ஸ்டீராய்டுக்குச் சுருங்கும், மாத்திரை கேட்டதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாதாம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் மாத்திரை ஓடும்போதே எடுத்தால் திசுவில் சரியாகத் தெரியுமா? உங்களுக்கு நிறுத்திவிட்டு எடுத்தார்களா? ஐஜிஜி4, ஆன்கா என்ற இரத்தப் பரிசோதனைகளும் காசநோய்ப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார்.

சுரப்பியில் பயாப்ஸி எடுத்தபின் கண் வறட்சி வந்ததா? ஸ்டீராய்டைக் குறைக்க மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்களா, ரிட்டுக்சிமாபா? அதற்கு முதலமைச்சர் காப்பீடு கிடைத்ததா? மதுரைப் பக்கம் கண்குழிக்கென்று தனிப் பிரிவில் பார்த்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. வேப்பிலைப் பற்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்குச் சொந்தக்காரர்களே போதும்.