சர்வர் பதில் அனுப்பிடுச்சு, பிரவுசருக்கு வரல: கனெக்ஷன் மூடுறதுல உங்க அனுபவத்த இங்க போடுங்க

எபேன், மொரீஷியஸ்:

காவடி முடிஞ்சதும் இங்க ஒரு கோவில் சைட்ல பக்தர்கள் போட்டோ ஏத்துறதுக்கு ஒரு பக்கம் திறந்தாங்க. ஆளாளுக்கு போன்ல எடுத்த படத்த போடுறாங்க, நிறைய பேருக்கு "கனெக்ஷன் ரீசெட்"னு வந்து நிக்குது, வாட்ஸ்அப் குரூப்ல கிரியோல்ல "பா பே மார்ஷே, பா பே மார்ஷே"ன்னு, அதாவது வேலை செய்யலன்னு, ஒரே புலம்பல். சர்வர் இருக்குறது பாரிஸ்ல. சர்வர எழுதிக் குடுத்தவங்க லாக்க பாத்துட்டு எங்க பக்கம் சுத்தமா இருக்கு, 413 ஒழுங்கா போயிருக்கு, உங்க தீவு நெட்டத்தான் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. தீவுன்னா எல்லாத்துக்கும் கேபிள் மேல பழி போட்டுடலாம்ல.

413னா அனுப்புற ஃபைல் ரொம்ப பெருசுன்னு அர்த்தம். அந்த சர்வர் 1 எம்பிக்கு மேல வாங்காது, இப்ப வர்ற போன்ல ஒரு படமே நாலஞ்சு எம்பி இருக்கு. "படம் பெருசு, சின்னதாக்கி போடுங்க"ன்னு ஒரு வரி கண்ணுல பட்டிருந்தா யாரும் குரூப்ல கத்தியிருக்க மாட்டாங்க. அந்த ஒரு வரிதான் வந்து சேரல.

டிசிபிடம்ப் (நெட்ல போற பாக்கெட்ட பிடிச்சுக் காட்டுற கருவி) போட்டு பாத்தா எல்லாம் வெட்ட வெளிச்சம். சர்வர் ஹெட்டர்ல கன்டென்ட் லெங்த்த, அதாவது வரப்போற ஃபைல் சைஸ, பாக்குது, ஆகாதுன்னு முடிவு பண்ணுது, 413 எழுதுது, உடனே க்ளோஸ் கூப்பிடுது. ஆனா அந்த நேரத்துல சாக்கெட்டோட (கனெக்ஷனோட நம்ம பக்க முனை) ரிசீவ் பஃபர்ல, அதாவது வந்த டேட்டா காத்திருக்குற இடத்துல, யாரும் படிக்காத படம் பாதி கிடக்கு. படிக்காத டேட்டா இருக்கும்போது க்ளோஸ் பண்ணா லினக்ஸ் கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) மரியாதையா ஃபின், அதாவது பேசி முடிச்சாச்சுங்கிற பாக்கெட், அனுப்பாது, நேரா ஆர்எஸ்டி, அதாவது ரீசெட். சரி பஃபர் காலியா இருந்துச்சுன்னே வைங்க, அப்பவும் தப்பிக்க முடியாது, இங்கேருந்து பாரிஸுக்கு பிங், அதாவது போய்த் திரும்புற நேரம், இருநூறு மில்லிசெகண்ட் பக்கம் வருது, வேண்டாம்னு சர்வர் சொன்ன சேதி வந்து சேர்றதுக்குள்ள நம்ம பிரவுசர் இன்னும் எவ்வளவோ பாக்கெட் தள்ளியிருக்கும், அதெல்லாம் மூடின சாக்கெட்ல போய் மோதும், அதுக்கும் பதில் ரீசெட்தான். ரீசெட் வந்ததும் சில ஓஎஸ் படிக்காம பஃபர்ல இருக்குற டேட்டாவ அப்படியே தூக்கிப் போட்டுடும். போடலன்னாலும் பிரவுசர் இன்னும் அனுப்பிட்டே இருக்கு, எழுதுற இடத்துல எரர் வந்தா அதத்தான் காட்டுமே தவிர உள்ள ஒரு 413 காத்துட்டு இருக்குறத கவனிக்கணும்னு அவசியமில்ல. எழுதினவங்க ஆபீஸ் பக்கத்துல இருந்து டெஸ்ட் பண்ணா சில நேரம் 413 ஒழுங்கா வரும், அதான் அவங்க நம்பல.

சரியான வழி என்னன்னா, பதில எழுதிட்டு எழுதுற பக்கத்த மட்டும் ஷட்டவுன் பண்ணணும். அப்ப ஃபின் போகும், நான் பேசி முடிச்சுட்டேன்னு அந்தப் பக்கத்துக்கு தெரிஞ்சிடும். படிக்கிற பக்கத்த திறந்தே வச்சு வர்றத எல்லாம் படிச்சு குப்பைல போட்டுட்டே இருக்கணும், அவங்க ஃபின் வந்தப்புறம்தான் முழு க்ளோஸ். கல்யாணம் தள்ளிப்போச்சுன்னு சொல்லிட்டாலும் ஏற்கனவே கிளம்பின மொய் மணியார்டர் வந்துட்டேதான் இருக்கும், வாங்கி வைக்க வாசல்ல ஒரு ஆள் நிக்கணும்ல, அந்த மாதிரி.

இது புது ஞானமும் இல்ல. 1997ல வந்த அப்பாச்சி வெப் சர்வர் 1.2லயே லிங்கரிங் க்ளோஸ்னு இத போட்டுட்டாங்க, ஏன் தேவைன்னு அத எழுதினவங்கள்ல ஒருத்தரான ராய் ஃபீல்டிங் எழுதின விளக்கம் அப்பாச்சி டாக்குமென்ட்லயே கிடக்கு. 2022ல வந்த, ஹெச்டிடிபி 1.1க்கான விதிமுறை ஆர்எஃப்சி 9112லயும் கனெக்ஷன இப்படி கட்டம் கட்டமா மூடுங்கன்னு தெளிவா இருக்கு. இவ்வளவு வருஷம் கழிச்சும் கையால சர்வர் எழுதுறவங்க ரைட், க்ளோஸ், முடிஞ்சுதுன்னு போயிடுறாங்க.

உங்க கதையையும் போடுங்க.

டர்பன், தென்னாப்பிரிக்கா:

அக்கா, எங்களுக்கு வந்தது வேற ஜாதி. முன்னாடி ரிக்வெஸ்ட்ட பிரிச்சு அனுப்புற லோட் பேலன்சர், பின்னாடி நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) சர்வர். நாள் முழுக்க நல்லா ஓடும், நடுவுல திடீர் திடீர்னு ஒரு 502 (பின்னாடி சர்வர்கிட்ட இருந்து சரியான பதில் வரலங்கிற எரர்), காரணமே இல்லாத மாதிரி, அதுவும் டிராஃபிக் கம்மியா இருக்குற ராத்திரியிலதான் ஜாஸ்தி. லோடு இருக்கும்போது வராம இல்லாதப்ப வருதேன்னு ரொம்ப நாள் மண்டைய பிச்சுக்கிட்டோம்.

கடைசியில பாத்தா கீப்அலைவ், அதாவது அடுத்த ரிக்வெஸ்ட்டுக்காக கனெக்ஷன மூடாம வச்சிருக்குறது. ஏடபிள்யூஎஸ் (அமேசான் க்ளவுட்) லோட் பேலன்சர் சும்மா இருக்குற கனெக்ஷன டீஃபால்ட்டா 60 செகண்ட் வச்சிருக்கும், நோட் பல வருஷமா டீஃபால்ட்டா 5 செகண்ட்தான். அஞ்சாவது செகண்ட்ல நோட் ஃபின் அனுப்புது, அது வழியில இருக்கும்போதே லோட் பேலன்சர் அதே கனெக்ஷன்ல அடுத்த ரிக்வெஸ்ட்ட தள்ளிடுது, போய் சேர்ற இடத்துல ஆள் இல்ல, ரீசெட், 502. பகல்ல கனெக்ஷன் அஞ்சு செகண்ட் சும்மா இருக்கவே இருக்காது, அதான் தெரியல. பின்னாடி இருக்குறவன் டைம்அவுட் எப்பவும் முன்னாடி இருக்குறவன விட பெருசா இருக்கணும், நாங்க 65 வச்சோம், நின்னுடுச்சு. மூடுற உரிமை ஒரு பக்கம் மட்டும் இருந்தா பாதி சண்டை இல்ல.

தகவல் கேக்குற கெட் ரிக்வெஸ்ட்னா பரவால்ல, திரும்ப அனுப்பிக்கலாம். தகவல் அனுப்புற போஸ்ட்னா யாரும் தைரியமா ரீட்ரை பண்ண மாட்டாங்க, பேமென்ட் ரெண்டு தடவ போனா யார் பதில் சொல்றது?

சென் தெனி, ரீயூனியன்:

எங்க டீம்ல ஒருத்தர் நெட்ஸ்டாட்ல (கனெக்ஷன் லிஸ்ட் காட்டுற கருவி) டைம் வெயிட், அதாவது மூடினப்புறம் கொஞ்ச நேரம் காத்திருக்குற கனெக்ஷன், ஆயிரக்கணக்குல நிக்குதுன்னு பயந்து எஸ்ஓ லிங்கர்ங்கிற சாக்கெட் செட்டிங்க ஆன் பண்ணி டைம சைபரா வச்சுட்டார். லிஸ்ட் காலி, அவருக்கு சந்தோஷம். அந்த செட்டிங்ல க்ளோஸ் பண்ணா ஃபின்னே கிடையாது, அனுப்பாம மிச்சம் இருக்குறத கடாசிட்டு நேரா ரீசெட். பெரிய பிடிஎஃப் டவுன்லோட் எல்லாம் பாதியில நின்னுச்சு. லினக்ஸ்ல டைம் வெயிட் 60 செகண்ட்ல தானா போயிடும்ங்க, அது நோயில்ல, பழைய கனெக்ஷனோட வழிதவறின பாக்கெட் புதுசுக்குள்ள புகுந்துடாம இருக்க வச்ச காவல்.

எபேன், மொரீஷியஸ்:

டர்பன் தம்பி சொன்னது இங்கயும் பாத்திருக்கேன், பைத்தான் பக்கம் கூனிகார்ன்ங்கிற சர்வர் இன்னும் மோசம், டீஃபால்ட் கீப்அலைவ் 2 செகண்ட்.

லிங்கர் பண்றதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அத சொல்லாம விட்டா அரைகுறையாயிடும். எவ்வளவு நேரம் காத்திருக்கறது? எழுதுற பக்கத்த மட்டும் மூடிட்டு சாக்கெட்ட கையில வச்சிருந்தா கர்னலோட ஃபின் வெயிட் டைம்அவுட் (அந்தப் பக்க ஃபினுக்கு காத்திருக்குற கெடு) வந்து காப்பாத்தாது, அது யாரும் பிடிச்சிருக்காத சாக்கெட்டுக்குத்தான். க்ளையன்ட் சத்தமில்லாம செத்துட்டா நம்ம ப்ரோகிராம் காலத்துக்கும் நிக்கும், அதனால நாமளேதான் கெடு வைக்கணும். என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் டீஃபால்ட்டா மொத்தம் 30 செகண்ட் நிக்கும், நடுவுல 5 செகண்ட் எதுவும் வரலன்னா கிளம்பிடும். நாங்க கோவில் சைட்டுக்கு முன்னாடி அதத்தான் கொண்டு வந்து வச்சோம். போட்டோவுக்கு சரியாச்சு. ஒருத்தர் வீடியோ ஏத்த பாத்தாரு, மொபைல் அப்லோட் வேகத்துல அது 30 செகண்ட்ட தாண்டுது, திரும்ப அதே ரீசெட். என்ஜின்எக்ஸ் டாக்குமென்ட்லயே 413ஐ பிரவுசருங்க சரியா காட்டாதுன்னு எழுதி வச்சிருக்காங்க, கை கழுவுற மாதிரிதான், ஆனா நேர்மை. அப்புறம் ஃபைல் சைஸ பிரவுசர்லயே ஜாவாஸ்கிரிப்ட் வச்சு பாத்து தடுத்தோம், அதான் நிஜத்துல வேலைக்காச்சு.

கோ லாங்குவேஜ்ல ஒரு கூத்து. அதோட ஹெச்டிடிபி சர்வர் எழுதுற பக்கத்த மூடிட்டு சும்மா 500 மில்லிசெகண்ட் தூங்கும், அப்புறம் க்ளோஸ். ஏன் 500ன்னு சோர்ஸ்ல பாத்தா பூமிய சுத்தி வர்ற லேட்டன்சி அளவுக்கு குத்துமதிப்பா வச்சதுன்னு கமென்ட். நம்ம ஊர் பிங் அதுக்குள்ள அடங்குது, இருந்தாலும் அந்தப் பக்கம் முடிச்சுட்டேன்னு சொல்ற வரைக்கும் நிக்கிற மாதிரி இல்ல இது.

டர்பன், தென்னாப்பிரிக்கா:

புது வெர்ஷன டெப்ளாய் பண்ண பழைய சர்வர நிறுத்தும்போது யாரும் இத பாக்குறதே இல்லக்கா. என்ஜின்எக்ஸுக்கு சிக்டெர்ம்ங்கிற நிறுத்துற சிக்னல் குடுத்தா வேலைய அப்படியே போட்டுட்டு போயிடும், சிக்க்விட் குடுத்தாதான் கையில இருக்குற ரிக்வெஸ்ட்ட முடிச்சுட்டு போகும். சர்வர்கள ஓட்டி நிறுத்துற குபர்நெட்டிஸ் டீஃபால்ட்டா 30 செகண்ட் டைம் குடுக்கும், அப்புறம் கொன்னுடும், அதுக்குள்ள ரிக்வெஸ்ட் அனுப்புற லிஸ்ட்ல இருந்து அந்த சர்வர் பேர எடுத்த சேதி எல்லா இடத்துக்கும் போயிருக்கணும், அதுக்காக ப்ரீஸ்டாப்ல (நிறுத்துறதுக்கு முன்னாடி ஓடுற கட்டளை) ஒரு ஸ்லீப் போட்டு வச்சிருக்கோம். அசிங்கமா இருக்கு, ஆனா 502 போயிடுச்சு.

எபேன், மொரீஷியஸ்:

ஹெச்டிடிபி 2ல கோஅவேன்னு தனி ஃபிரேமே இருக்கு, இந்த ஸ்ட்ரீம் நம்பர் வரைக்கும் பாத்துட்டேன், அதுக்கு மேல உள்ளத வேற கனெக்ஷன்ல பயமில்லாம திரும்ப அனுப்புன்னு சொல்லிடும், நீ சொன்ன போஸ்ட் பிரச்சனைக்கு அது நல்ல பதில். ஹெச்டிடிபி 3 ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா? அது டிசிபி இல்லாம யூடிபி மேல போறதால கர்னல் அனுப்புற ஃபின் ரீசெட் எதுவும் கிடையாதே, பாதியில அப்லோட்ட மறுத்தா உங்க க்ளையன்ட்டுக்கு 413 நிஜமாவே தெரியுதா?