பொன்டூன் படகு: பெற்றோல் மானி கால்வாசி காட்டும்போதே எஞ்சின் நிற்கிறது. எவ்வளவு பெற்றோல் கொண்டு போவது?

கடற்கோட்டை எழுதியது:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். ஊர்காவற்றுறையில் எங்கள் குடும்பம் ஒரு பொன்டூன் படகு ஓட்டுகிறது. இரண்டு அலுமினியக் குழாய், மேலே தட்டையான தளம், வெயிலுக்குக் கூரை. நீளம் 22 அடி. பின்னால் 40 குதிரைவலு ஃபோர் ஸ்ரோக் எஞ்சின். பின்னிருக்கைக்குக் கீழே 24 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி இரண்டு. வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிற குடும்பங்கள்தான் கூடுதலாக ஏறுகிறார்கள். கடற்கோட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டு, களப்புக்குள்ளே (கடல்நீரேரி) அராலிப் பக்கம் கூட்டிப்போய்ப் பொழுதுபடத் திரும்பி வருவோம்.

போன கிழமை திரும்பி வரும்போது எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. தாங்கி மூடியில் உள்ள மானி அப்போதும் கால்வாசி காட்டியது. எட்டுப் பேர் இருந்தார்கள், சின்னப் பிள்ளைகளும் உண்டு. சூரியன் இறங்குவதைப் பார்க்க எல்லோரும் முன்பக்கம் போய் நின்றிருந்தார்கள். பெற்றோல் குழாயைக் கழற்றி மற்றத் தாங்கியில் பூட்டி வந்து சேர்ந்தோம். அதிலும் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டு தாங்கியையும் நிரப்பிக்கொண்டு போ, கணக்கெல்லாம் எதற்கு என்கிறார் அயலவர் ஒருவர். மானியை மாற்று என்கிறார் இன்னொருவர். இப்போது சோளகம் (தென்மேற்குக் காற்று) வேறு வீசுகிறது. அனுபவப்பட்டவர்கள் எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள்?

குருநகர் எஞ்சின்காரன் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் கால்வாசிக் கதையை முடித்துவிடுவோம். மூடியில் இருக்கும் மானி ஒரு மிதவை, அவ்வளவுதான். தாங்கி மேலும் கீழும் ஒரே அகலம் இல்லை. அதனால் முள் கால்வாசியில் நிற்கும்போது உள்ளே கால்வாசி பெற்றோல் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. உறிஞ்சும் குழாயும் அடியைத் தொடாது. இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: எல்லோரும் முன்னுக்குப் போனார்கள். பொன்டூனில் எட்டுப் பேர் முன்னுக்கு நின்றால் மூக்குத் தாழும், தாங்கிக்குள் பெற்றோலும் முன்பக்கம் ஓடும். உங்கள் தாங்கியின் உறிஞ்சுகுழாய் பின்பக்கம் இருந்தால் அது காற்றைத்தான் இழுத்திருக்கும். மூக்குத் தாழ்வது பெற்றோலை விடப் பெரிய ஆபத்தும்கூட, அலை தளத்தில் ஏறிவிடும். ஓடும்போது ஆட்களை இருக்கையில் இருத்துங்கள். சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் படகை நிறுத்திப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டுங்கள்.

ஆனாலும் ஊகத்தோடு விட வேண்டாம். அடுத்த முறை எஞ்சின் நின்றால் உடனே குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்தைத் தொட்டுப் பாருங்கள். அது சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் தாங்கிக்குள் காற்றுப் போகவில்லை, மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்காமல் விட்டிருப்பீர்கள். திருகைத் தளர்த்தியதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பெற்றோல் முடிந்துவிட்டது என்று என்னிடம் வந்த படகுகளில் கனக்கவற்றுக்கு இதுதான் வியாதி. பந்து தொளதொளவென்று, எத்தனை தரம் அமுக்கினாலும் இறுகாமல் இருந்தால் காற்றை இழுக்கிறது. பெற்றோல் உண்மையிலேயே அடிக்குப் போயிருக்கலாம், அல்லது இணைப்பில் வெடிப்பு இருக்கலாம்.

இனிக் கணக்கு. கடலில் தூரத்தை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள், நேரத்தை வைத்துப் பாருங்கள். களப்புக்குள்ளே வரைபடத்தில் நேர்கோடு போடலாம், ஓட முடியாது. மீன் பிடிக்க நட்டிருக்கும் சிறகுவலைத் தடிகளைச் சுற்றிப் போக வேண்டும், தண்ணீர் குறைந்த இடத்தில் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி மெல்ல ஊர வேண்டும், சாதாளை (கடற்புல்) எஞ்சின் விசிறியில் சுற்றினால் நின்று எடுக்க வேண்டும். இவ்வளவும் பெற்றோல்.

ஃபோர் ஸ்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் 10 குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 4 லீற்றர் குடிக்கும். உங்கள் 40 முழுக்க முறுக்கினால் மணிக்கு 15, 16 லீற்றர். பாதி முறுக்கில் அது பாதியை விடவும் குறைந்துவிடும், 5 அல்லது 6 என்று வரலாம். 22 அடிப் பொன்டூனை 40 குதிரைவலுவால் ஆட்களோடு தண்ணீருக்கு மேலே எழுப்புவது கஷ்டம். கடைசி முறுக்கு வேகமாக மாறுவது கொஞ்சம், மீதி அலையாகப் போகிறது. ஆனால் நான் சொல்வது பொதுக் கணக்கு. உங்கள் படகின் கணக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும். தாங்கியைக் கழுத்துவரை நிரப்புங்கள், வழமையான வேகத்தில் வழமையான ஆட்களோடு ஒரு மணி நேரம் ஓடுங்கள், வந்து லீற்றர் அளவுள்ள கானால் பழையபடி கழுத்துவரை ஊற்றுங்கள். ஊற்றியதுதான் உங்கள் மணிக் கணக்கு. காற்றுக்கு எதிரேயும் ஒரு தரம் இப்படி எடுங்கள். அந்த இரண்டு கணக்கையும் எஞ்சின் மூடியில் மாயாத மையால் எழுதி வையுங்கள்.

அதற்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு. போக ஒன்று, வர ஒன்று, தொடாமல் ஒன்று. 48 லீற்றரில் அடியில் ஏறாமல் நிற்பதைக் கழித்து 45 என்று வைப்போம். போவதற்கு 15. பாதி முறுக்கில் மணிக்கு 6 போனால் இரண்டரை மணி நேரம் தாராளம். முழு முறுக்கு என்றால் அதே 15 லீற்றர் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், உடனே திரும்ப வேண்டும். கடைசி 15 உங்களுடையது இல்லை என்று நினையுங்கள். கரைக்கு வந்த பிறகும் அது தாங்கியில் இருக்க வேண்டும்.

சோளகத்தைக் கேட்டீர்கள். பொன்டூனின் கூரையும் பக்கச் சட்டங்களும் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி, பைபர் படகு போலக் குனிந்து போகாது. நீங்கள் ஊர்காவற்றுறையிலிருந்து அராலிக்குப் போகும்போது சோளகம் தள்ளிக்கொண்டு போகும், எஞ்சின் குடிப்பதே தெரியாது. திரும்பும்போதுதான் அது எதிர்த்து நிற்கும், அதுவும் பின்னேரக் காற்று. ஆகவே இந்த மாதங்களில் ‘போக ஒன்று, வர ஒன்று’ என்பதை நம்பாமல், போக ஒன்று, வர ஒன்றரை என்று வையுங்கள். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் மறுவளம், போகும்போதே செலவு தெரிந்துவிடும். தள்ளிவிடும் காற்றில் வெகுதூரம் போய்விடுகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள். கூரையை மடக்க முடியுமென்றால் திரும்பும்போது மடக்குங்கள்.

நிரப்பும்போது தாங்கியைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். பிள்ளைகள் ஏறுகிற படகு, ஆவி இருக்கைக்குக் கீழே தங்கி நிற்கக் கூடாது.

அலைவாய் எழுதியது:

இவ்வளவு கஷ்டம் வேண்டாமே. எரிபொருள் ஓட்டமானி ஒன்று பூட்டினால் மணிக்கு எத்தனை லீற்றர், இன்னும் எத்தனை மிச்சம் எல்லாம் திரையில் தெரியும்.

குருநகர் எஞ்சின்காரன் எழுதியது:

பூட்டலாம், நல்ல சாமான். ஆனால் எஞ்சினுக்குள் போனதைத்தான் அது எண்ணும். நீங்கள் எவ்வளவு நிரப்பினீர்கள் என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். கானால் அளந்து ஒத்துப் பார்த்த பிறகே நம்பலாம்.

மண்கும்பான் அக்கா எழுதியது:

எங்கள் வீட்டில் எல்லோரும் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள், அதனால் ஒன்று சொல்கிறேன். நடுக் களப்பில் நின்றால் முதலில் உதவிக்கு வருவது தொழிலுக்குப் போகிற படகுதான். அவர்களிடம் இருப்பது கூடுதலாக மண்ணெண்ணெய். இங்கே நிறைய எஞ்சின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. நல்ல மனதோடு ஒரு போத்தல் தருவார்கள். வாங்கி ஊற்றிவிடாதீர்கள் தம்பி. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. எதற்கும் ஊற்றலாம் என்ற நம்பிக்கை பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. உங்கள் ஃபோர் ஸ்ரோக் அதற்காகச் செய்ததில்லை. அண்ணை, டூ ஸ்ரோக்குக்கு ஒயில் கலந்து வைத்திருக்கும் பெற்றோல் தந்தால் ஊற்றலாமா? அதை நீங்கள் சொல்லுங்கள்.

மற்றது, எஞ்சின் நின்றவுடன் ஆட்களோடு கதைப்பதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்கள். களப்பில் ஆழம் குறைவு, உடனே பிடிக்கும். போடாமல் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றால் காற்று உங்களை வலைக்குள் கொண்டுபோய் விடும். அந்த வலை ஒரு குடும்பத்தின் சோறு. கட்டி இழுக்க நீளமான கயிறும், தண்ணீர் புகாத பையில் போனும் வையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

குருநகர் எஞ்சின்காரன் எழுதியது:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒயில் கலந்த பெற்றோலை அவசரத்துக்குக் கொஞ்சம் ஊற்றிக் கரைக்கு வரலாம். புகை தள்ளும், பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் சாகாது. வந்ததும் வடித்துவிட்டு நல்லதை ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

கடற்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நின்றுபோன தாங்கியைக் கரையில் வடித்துப் பார்த்தேன், ஐந்து லீற்றருக்குக் கிட்ட இருந்தது. உறிஞ்சுகுழாய் பின்பக்கம்தான். காற்றுத் திருகு திறந்தே இருந்தது, பந்திலும் பிழை இல்லை. அப்படியென்றால் ஆட்கள் முன்னுக்குப் போனதுதான் காரணம். ஒரு மணி நேரம் ஓடி அளந்தும் பார்த்தேன்: காற்றோடு 6, எதிரே அதே வேகத்தைப் பிடிக்க 9. அலுமினியக் குழாயின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கின்றன, அதுவும் சேர்ந்துதான் இந்த 9 வருகிறதா?

குருநகர் எஞ்சின்காரன் எழுதியது:

கட்டாயம் சேரும். உப்புத் தண்ணீரிலேயே கட்டி வைக்கிற படகுக்கு அது பெரிய செலவு. கரைக்கு ஏற்றி மரச் சீவலால் சுரண்டுங்கள், இரும்பால் சுரண்டி அலுமினியத்தைக் கீறாதீர்கள். சுரண்டிய பிறகு திரும்பவும் ஒரு மணி நேரம் ஓடி அளங்கள், வருகிற கணக்கை இங்கே எழுதுங்கள். அதுவரை 9 என்றே வைத்துக் கணக்குப் பாருங்கள். 15 லீற்றரை 9ஆல் பிரித்தால் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல். அதிலும் கொஞ்சம் கையில் வைத்து, சோளகம் வீசும்வரை ஒரு மணி நேரத்தில் ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வரக்கூடிய இடத்துக்கு அப்பால் ஆட்களைக் கூட்டிப் போகாதீர்கள்.