ஏற்காட்டு வீட்டு அட்வான்ஸ்: சுவர் ஈரத்துக்கு நான் பணம் கட்ட வேண்டுமா?

மலைக்காற்று:

வணக்கம். ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் இறக்கத்தில் ஒரு வீட்டில் நாலு வருஷம் வாடகைக்கு இருந்தேன். தமிழாசிரியை வேலை. மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் ஏப்ரல் கடைசியில் காலி செய்து சேலம் கன்னங்குறிச்சிக்கு இறங்கிவிட்டோம். வாடகை 7,500, அட்வான்ஸ் 60,000. எழுத்தில் எதுவும் இல்லை. "நமக்குள்ள என்னத்துக்கு டீச்சர் பத்திரம்" என்றார் வீட்டுக்காரம்மா. நானும் தலையாட்டினேன். 40,000 ஜிபேயில் போட்டேன், 20,000 கையில் கொடுத்தேன்.

ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இப்போது 26,000 தான் வரும் என்கிறார். பெயிண்டுக்கு 28,000, கீசருக்கு 4,000, "மற்றபடி" 2,000. மற்றபடி என்றால் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கும்ல" என்றார்.

கீசர் எங்கள் காலத்தில் போனதுதான், சரி. பெயிண்ட்தான் மனசு ஆறவில்லை. படுக்கையறை வடக்குச் சுவர் வெளிப்பக்கம் மண்மேட்டோடு ஒட்டியிருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் உள்ளே இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறும். முதலில் உப்புப் பூத்தாற்போல வெள்ளையாக வரும், அப்புறம் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பும், கடைசியில் கரும்புள்ளி. பீரோவை ஒரு முழம் தள்ளி வைத்தும் கல்யாணப் புடவையில் பூஞ்சணம். வருஷா வருஷம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தது நான்தான். குடிவந்த முதல் மழைக்கே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மலைன்னா அப்படித்தான் டீச்சர்" என்று பதில் வந்தது. மலைதான் காரணம் என்றால் மலையிடம் அல்லவா 28,000 கேட்க வேண்டும்?

சட்டத்தில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டை பழைய ஆள்:

வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையை விட்டுவிட்டு வருவது நம்ம பக்கத்து வழக்கம்தான். நான் மூன்று வீடு மாறினேன், மூன்று தடவையும் விட்டேன். 28,000 அநியாயம். ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் என்ன செய்வீர்கள்? கொடுப்பதை வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள் டீச்சர்.

வக்கீல் குமாஸ்தா:

ஐயா சொல்வது வழக்கம். சட்டம் வேறு. 1960-ஆம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவுப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் 22,500. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும்.

யார் எந்த ரிப்பேரைப் பார்ப்பது என்று அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, பைப் மாற்றுவது எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. ஆக, கீசரில் அவர் பக்கம் நியாயம், பெயிண்டில் உங்கள் பக்கம்.

எழுத்து இல்லாததுதான் சிக்கல். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். அங்கே போனால் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் இன்னொரு வழி சொல்கிறேன். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்கு போடுமுன் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச மனு கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு காரியம்: மொத்தம் 60,000 வாங்கினேன் என்று அந்தம்மா வாயால் அல்ல, கையால் எழுதும்படி செய்யுங்கள். அந்த 20,000 தான் உங்கள் பலவீனம். ஜிபே ரசீதையும் பழைய வாட்ஸ்அப்பையும் அழித்துவிடாதீர்கள்.

அழகாபுரம் ஹவுஸ் ஓனர்:

ஓனர்கள் எல்லாம் வில்லன் இல்லை. போன தடவை காலி செய்தவர்கள் ஹாலில் மட்டும் 19 ஆணி அடித்திருந்தார்கள், எண்ணினேன். ஆனால் டீச்சர் சொல்வது கட்டடக் கோளாறு. மண்ணை வெட்டி விலக்கி, வெளிச்சுவரில் வாட்டர்புரூஃப் பூசாமல் உள்ளே எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் உப்பத்தான் செய்யும். பெயிண்டர் பில் கேளுங்கள். பாதி பேரிடம் பில்லே இருக்காது.

மலைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. பில் கேட்டேன், இல்லை. இன்னும் பெயிண்டே அடிக்கவில்லையாம்! குமாஸ்தா சொன்னபடி, "அம்மா, அட்வான்ஸ் 60,000-இல் எவ்வளவு எதற்குக் கழிக்கிறீர்கள், கணக்கு எழுதி அனுப்புங்கள்" என்று பணிவாக ஒரு மெசேஜ் போட்டேன். அவர் மகன் 60,000 என்று தலைப்பிலேயே போட்டுக் கணக்கு அனுப்பினான். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் இரண்டாம் அட்டவணையை அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். கீசர் 4,000, ஆணி ஓட்டை அடைக்க 4,000, மீதி 52,000 என்று முடிந்தது. ஓட்டைக்கு 4,000 அதிகம்தான், நாலு வருஷம் அவர் கொடுத்தனுப்பிய பேரிக்காய்க்காக விட்டேன். 30,000 வந்துவிட்டது. மீதி 22,000 ஆனி முடிவதற்குள் தருவதாக, அதையும் வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கிறார்.