அரசு வேண்டாம் என்பவர் வலதுசாரியா?

கேள்வி (கிளிநொச்சி):
அரசு தலையிடாமல் இருந்தாலே போதும் என்று சொல்லும் என் தகப்பனார், அறுவடை முடிந்ததும் உத்தரவாத விலைக்கு நெல்லை வாங்க அரசு ஏன் இன்னும் வரவில்லை என்று கோபப்படுகிறார். அவரை வலதுசாரி என்பதா, இடதுசாரி என்பதா?

பதில் (முல்லைத்தீவு):
1789 இல் பிரெஞ்சுத் தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தோர் வலப்புறமும் எதிர்த்தோர் இடப்புறமும் அமர்ந்ததிலிருந்து வந்த பெயர்கள் அவை. அரசின் அளவைக் குறிக்க அவை பிறக்கவில்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்த அரசைத்தான் ஐயா வேண்டாம் என்கிறார் என்று நினைக்கிறேன். வயலுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தைப் பராமரிக்கும் அரசையோ இலவசக் கல்வி தரும் அரசையோ அல்ல.

பதில் (வவுனியா):
எனக்கு முழு உடன்பாடில்லை. எவ்வளவு அரசு என்பதைவிட எந்த அரசு என்பதே இங்கு பெரிய கேள்வி. வட மாகாண சபைக்கு 2013 இல் ஒரேயொரு தேர்தல்தான் நடந்தது. 2018 இல் அதன் காலம் முடிந்தபின் நிர்வாகம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கைக்குப் போனது. கொழும்பின் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்பவரே மாகாணத்துக்குக் காணி, பொலிஸ் அதிகாரங்களைக் கேட்பதில் முரண்பாடு எதுவுமில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அண்ணை. அப்பாவுக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். மாகாண சபை வந்தால் நெல்லை யார் வாங்குவது என்று கேட்கிறார்.